தானே வடியும் நீருக்கு என்ன விலை?

இந்த முறை பல பேர் ஒரே விஷயத்தைத்தான் வேறு வேறு விதமாகக் கேட்டிருக்கிறீர்கள். மாதவிலக்கு நெருங்கும்போது வயிறு உப்புவது, கை கால் நீர் கோத்துக்கொள்வது, அதற்கென்று விற்கிற டீ, மாத்திரை, உப்பு. பொருள் வாங்குவது பற்றிய பகுதியில் இதற்கென்ன வேலை என்று நினைக்க வேண்டாம். மாதாமாதம் வீட்டுக் கணக்கிலிருந்து சத்தமில்லாமல் பணம் போகிற இடம் இது, கூச்சத்தில் யாரும் ரசீதுகூடக் கேட்காத இடமும் இதுதான். அதனால் இன்றைக்கு முழுக்க இதையே எடுத்துக்கொள்கிறேன்.

முலுண்டிலிருந்து ஒரு வாசகி: அக்கா, பீரியட்ஸுக்கு ஐந்தாறு நாள் முன்னாலிருந்தே எனக்கு வயிறு உப்பிவிடும், மோதிரம் கழற்ற வராது, காலையில் லோக்கல் ரயிலில் நின்றபடியே வி.டி. ஸ்டேஷன் போய் இறங்கினால் செருப்பு வார் காலில் பதிந்திருக்கும். இன்ஸ்டாகிராமில் பார்த்து ஒரு 'டீடாக்ஸ்' டீ வாங்கினேன், 28 பை, 899 ரூபாய். முதல் மாதம் நன்றாகக் கேட்டது, நான்காம் நாளே வயிறு தட்டை. இரண்டாம் மாதம் வயிற்றைப் பிடுங்கி எடுத்துவிட்டது. தொடர்ந்து குடிக்கலாமா?

வேண்டாம். அந்தப் பெட்டியைத் திருப்பிப் பின்பக்கம் படியுங்கள். சென்னா, சோனாமுகி, காசியா, இதில் எந்தப் பெயர் இருந்தாலும் சங்கதி ஒன்றுதான், நிலாவாரை இலை. நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் மலச்சிக்கலுக்கென்று கொஞ்சக் காசுக்குக் காகிதத்தில் மடித்துத் தருவார்கள், நீங்கள் ஒரு பைக்கு 32 ரூபாய் கொடுத்திருக்கிறீர்கள். அதைக் குடித்தால் குடலில் இருக்கிற கழிவும் தண்ணீரும் வெளியே போகும், கொஞ்ச நேரம் வயிறு லேசானது போல இருக்கும். விரலிலும் கணுக்காலிலும் கோத்திருக்கிற நீருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வயிற்றைப் பிடுங்குவது அந்த இலையின் குணம், உங்கள் உடம்பில் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். நாள்கணக்கில் தொடர்ந்தால் உடம்பில் பொட்டாசியம் குறையும், அது தசைக்கும் இதயத்துக்கும் நல்லதில்லை.

ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. முதல் மாதம் ஏன் 'கேட்டது'? நீங்களே எழுதியிருக்கிறீர்கள், நான்காம் நாள் வயிறு தட்டை என்று. டீயை எந்தத் தேதியில் ஆரம்பித்தீர்கள், பீரியட்ஸ் எந்தத் தேதியில் வந்தது என்று பாருங்கள். முட்டை வெளியான பிறகு வருகிற இரண்டு வாரத்தில் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் ஏறி இறங்குகிறபோது சிறுநீரகம் சோடியத்தைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்கிறது, சோடியம் எங்கே நிற்கிறதோ அங்கே தண்ணீரும் நிற்கும். புரோஜெஸ்டிரோன் குடலையும் மந்தமாக்கும், அதில் வாயு சேரும், மலம் தங்கும். சிலருக்கு அந்த வாரத்தில் ஒன்றிரண்டு கிலோ கூடக் காட்டும். கொழுப்பு இல்லை, தண்ணீர்தான். கனடாவில் 62 பெண்கள் ஒரு வருடம் தினமும் தங்கள் வீக்கத்தைக் குறித்துவைத்த ஆய்வு ஒன்று 2011இல் வெளியானது. உதிரம் பட்ட முதல் நாளில்தான் வீக்கம் உச்சத்தில் இருந்தது, அப்புறம் அடுத்தடுத்த நாள்களில் விறுவிறுவென்று குறைந்தது. யாரும் எதுவும் வாங்கிக் கொடுத்து அது குறையவில்லை, தானாகக் குறைந்தது.

இதை விற்கிறவர்களுக்குச் சாதகமாக நாள்காட்டியே வேலை செய்கிறது. வீக்கம் தாங்கமுடியாத நாளில்தான் நாம் ஆர்டர் போடுகிறோம், பார்சல் வந்து சேர இரண்டு நாள், குடிக்க ஆரம்பித்து இரண்டு நாள், அதற்குள் உடம்பே நீரை விட்டுவிட்டது. பெயர் டீக்குப் போய்விடுகிறது. டீ, சொட்டு மருந்து, பட்டை, பெல்ட் என்று எது வந்தாலும் இதே கதைதான்.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இரண்டு மாதம் எதுவும் வாங்காமல் எழுதுங்கள். இதற்கு ஆப் சந்தா கூட வேண்டாம், சமையலறையில் மாட்டியிருக்கிற தினசரி காலண்டர் போதும். ராகு காலம் போட்டிருக்கிற தாளின் ஓரத்தில் மூன்று விஷயம் குறியுங்கள்: மோதிரம் கழன்றதா, வயிறு எப்படி, காலைக்கடன் ஆனதா. கிழித்த தாளை எறியாமல் கிளிப்பில் போட்டு வையுங்கள். டாக்டர்களும் மாதவிலக்குக்கு முந்தைய உபாதைகளுக்கு இரண்டு சுழற்சிக் குறிப்பைத்தான் முதலில் கேட்பார்கள். அறுபது தாள் கையில் இருந்தால் எது வாயு, எது நீர் என்பது உங்களுக்கே பிரிந்து தெரியும். மோதிரமும் மெட்டியும் இறுகி, கட்டை விரலால் கணுக்காலுக்கு மேலே பத்து விநாடி அழுத்தி எடுத்தால் குழி நின்றால் அது நீர். மோதிரம் லூசாகவே இருக்க, பாவாடை நாடா மட்டும் இடுப்பில் பதிந்தால் அது பெரும்பாலும் குடல் விவகாரம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

செம்பூரிலிருந்து: எங்கள் மாமியார் சாதா உப்பு உடம்பில் நீர் சேர்க்கும் என்று சொல்லி வீடு முழுக்க இந்துப்புக்கு மாற்றிவிட்டார். விலை பல மடங்கு. உண்மையிலேயே பலன் உண்டா? 'லோ சோடியம்' என்று ஒன்று விற்கிறதே, அது?

இந்துப்பும் கிட்டத்தட்ட முழுவதும் சோடியம் குளோரைடுதான். நிறமும் மணமும் கொஞ்சம் வேறு, மற்ற தாதுக்கள் இருப்பது துளி அளவு. நீர் சேர்ப்பதில் இரண்டும் ஒன்றேதான். சில பாக்கெட்டில் அயோடின் சேர்த்திருக்கமாட்டார்கள், வீட்டில் கர்ப்பிணியோ குழந்தையோ இருந்தால் அதைப் பார்த்து வாங்குங்கள். மாமியாரிடம் இதை எப்படிச் சொல்வது என்பது உங்கள் சாமர்த்தியம், ஆனால் அவர் சொன்னதில் பாதி சரி. உப்புதான் காரணம் என்று சரியாகப் பிடித்திருக்கிறார், எந்த உப்பு என்பதில்தான் தவறிவிட்டார்.

லோ சோடியம் உப்பில் சோடியம் குளோரைடின் ஒரு பகுதியை எடுத்துவிட்டு பொட்டாசியம் குளோரைடு சேர்த்திருப்பார்கள். உலக சுகாதார நிறுவனமே 2025 ஜனவரியில் இந்த வகை உப்புக்கு மாறலாம் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அது பொருந்தாது, சில பிரஷர் மாத்திரைகளோடும் சேராது. ஒரே சாம்பாரைத்தான் வீட்டில் எல்லோரும் சாப்பிடுகிறோம். மாமனாருக்கு ரத்தத்தில் கிரியாட்டினின், அதாவது சிறுநீரகம் சரியாக வேலை செய்யாததைக் காட்டும் அளவு, கூட இருந்தால் உங்கள் மோதிரத்துக்காக அவர் தட்டில் பொட்டாசியம் போடக்கூடாது. டாக்டரைக் கேட்காமல் மாற்றாதீர்கள்.

உண்மையில் பார்க்க வேண்டியது அடுப்பங்கரை உப்பு ஜாடியை மட்டும் இல்லை. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நாம் அதைத் தாண்டுவது எங்கே என்றால் ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், சாயந்திரம் ஸ்டேஷனில் இறங்கியதும் கையில் வாங்குகிற வடாபாவ், அதற்குள் தடவுகிற பூண்டுப் பொடி, வீட்டில் டப்பா டப்பாவாக இருக்கிற ஃபர்சான் என்கிற மிக்சர், சேவு வகைகள். பாக்கெட்டின் பின்பக்கம் சோடியம் மில்லிகிராமில் போட்டிருக்கும், அதை இரண்டரையால் பெருக்கினால் உப்புக் கணக்கு வந்துவிடும். 100 கிராமுக்கு 900 மில்லிகிராம் சோடியம் என்று இருந்தால் 2.25 கிராம் உப்பு. டிவி பார்த்துக்கொண்டே அரைப் பாக்கெட் முடித்தால், அதாவது 50 கிராம், ஒரு கிராமுக்கு மேல் உப்பு உள்ளே போயாயிற்று. வருடம் முழுக்க வாயைக் கட்டச் சொல்லவில்லை. தேதிக்கு ஏழெட்டு நாள் முன்னாலிருந்து அப்பளமும் ஊறுகாயும் ஃபர்சானும் மட்டும் நிறுத்திப் பாருங்கள், காலண்டர் தாளில் வித்தியாசம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். காசு மிச்சமாகிற வைத்தியம் என்பதால் இதை முதலில் சொல்கிறேன்.

இன்னொன்று, இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. வயிறு உப்புகிறது என்றதும் தண்ணீரில் கொட்டினால் நுரைத்துக்கொண்டு வருகிற அந்த உப்புப் பொடியை வாங்கிக் குடிக்கிறோம். அதில் முக்கியமான சரக்கு சமையல் சோடா. சமையல் சோடாவில் நாலில் ஒரு பங்குக்கு மேல் சோடியம், ஒரு சின்னப் பாக்கெட்டிலேயே அரை கிராமுக்கு மேல் சோடியம் இருக்கும். நெஞ்செரிச்சலுக்கு எப்போதாவது சரி. நீர் கோத்திருக்கிற வாரத்தில் தினம் இரண்டு பாக்கெட் என்றால் வடிய வேண்டிய நீரை நாமே பிடித்து நிறுத்துகிறோம்.

வாழைத்தண்டு, பார்லிக் கஞ்சி, வெள்ளரிக்காய் எல்லாம் தாராளமாகச் சாப்பிடுங்கள், நார்ச்சத்தும் நீர்ச்சத்தும் உள்ளவை, மலம் இளகும். பார்லியில் உப்பைக் கொட்டிக் குடிக்காதீர்கள். சுரைக்காய் ஜூஸ் குடிக்கிறவர்கள் மட்டும் ஒரு விஷயத்தில் ஜாக்கிரதை: ஒரு துண்டை முதலில் நாக்கில் வைத்துப் பாருங்கள், கசந்தால் காயையே தூக்கிப் போடுங்கள். கசப்புச் சுரைக்காய்ச் சாறு குடித்து இந்தியாவில் உயிர் போயிருக்கிறது, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) நிபுணர் குழுவே எச்சரித்த விஷயம். காலை நடைப்பயிற்சி முடித்து வெளியே வந்தால் வண்டியில் ஜாடி ஜாடியாக விற்கிறார்களே, அதில் நீங்கள் நாக்கில் வைத்துப் பார்க்க வழியில்லை, எனவே வேண்டாம்.

தாராவியிலிருந்து: நான் தையல் யூனிட்டில் வேலை செய்கிறேன். நாள் முழுக்க மெஷினில் உட்கார்ந்திருப்பதால் அந்த நாள்களில் கால் தூண் மாதிரி வீங்கிவிடும். அக்கா வீட்டுக்காரருக்கு இதயத்துக்காகக் கொடுத்த நீர் மாத்திரை ஒன்று போட்டேன், ஒரே நாளில் வடிந்துவிட்டது. மெடிக்கலில் சீட்டு இல்லாமலே தருகிறார்கள், பத்து மாத்திரை ஒரு டீ வடாபாவ் காசுதான். மாதம் மூன்று நாள் போட்டால் தப்பா?

தப்பு, தங்கச்சி. இதை நயமாகச் சொல்ல நேரமில்லை. விலை குறைவு என்பதால் ஆபத்தும் குறைவு என்று ஆகாது. அந்த அட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள், சிவப்பு நிறத்தில் ஒரு கோடு இருக்கும். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்பதற்கான அடையாளம் அது. சீட்டில்லாமல் தருகிற கடைக்காரர் உங்களுக்கு உதவி செய்யவில்லை. ஃபுரோசமைடு மாதிரி மாத்திரைகள் நீரோடு சேர்த்து சோடியத்தையும் பொட்டாசியத்தையும் இழுத்துக்கொண்டு போகும். கை கால் குரக்களி, தலைசுற்றல், படபடப்பு எல்லாம் வரும். காற்றில்லாத அறையில் வேர்க்க வேர்க்க வேலை செய்கிற உங்களுக்கு அது சீக்கிரமே வரும், முன்னால் ஓடுகிற ஊசியோடு. மாத்திரையை நிறுத்தினால் இழந்ததை ஈடுகட்ட உடம்பு மறுபடி உப்பைப் பிடித்துக்கொள்ளும், வீக்கம் திரும்ப வரும், அதைப் பார்த்துப் பயந்து இன்னொரு மாத்திரை. சிலர் இப்படித்தான் வருடக்கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள்.

மாதவிலக்கு வீக்கம் மிக அதிகமாக இருக்கிறவர்களுக்கு டாக்டர்களே ஸ்பைரனோலாக்டோன் என்ற வேறு வகை நீர் மாத்திரையைச் சில நாள்களுக்கு எழுதுவது உண்டு. அது பொட்டாசியத்தை ஏற்றிவிடக் கூடியது, கர்ப்பமாக இருந்தால் கூடாது, அதனால் ரத்தம் பார்த்துத்தான் தருவார்கள். அத்தான் மாத்திரையும் உங்கள் மாத்திரையும் ஒன்றில்லை.

நீங்கள் பக்கத்திலேயே இருக்கிற சயான் ஆஸ்பத்திரியின் வெளிநோயாளிப் பிரிவுக்கு (ஓ.பி.டி.) ஒரு காலை நேரம் போய் வாருங்கள். கூலி போகும் என்று தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். வீக்கம் பீரியட்ஸ் முடிந்தும் வடியாமல் மாதம் முழுக்க இருந்தால், காலையில் எழுந்ததும் கண்ணைச் சுற்றி உப்பியிருந்தால், சிறுநீர் நுரையாகப் போனால் சிறுநீரகம், தைராய்டு, ரத்தசோகை பார்க்க வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ அன்றைக்கே போக வேண்டும், அடுத்த வாரம் என்று தள்ளக்கூடாது. இந்தப் பட்டியலைப் படிக்கிற மற்றவர்களுக்கும் ஒன்று: நாற்பத்தைந்து ஐம்பது தாண்டியவர்களுக்குப் புதிதாக வயிறு உப்ப ஆரம்பித்து, வாரக்கணக்கில் விடாமல் இருந்து, கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துபோனால் அதை 'அந்த நாள் விவகாரம்' என்று நினைத்து டீ வாங்கிக் குடிக்க வேண்டாம், ஸ்கேன் எடுத்து சினைப்பையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வயிற்றுவலிக்கு மெஃபனமிக் அமிலமோ ஐபுபுரூஃபனோ போடுகிறீர்களா என்று எழுதவில்லை. அவையும் உடம்பில் உப்பையும் நீரையும் பிடித்துவைக்கும். பிரஷருக்குப் போடுகிற அம்லோடிபினும் கணுக்காலை வீங்கவைக்கும். டாக்டரிடம் போகும்போது வீட்டில் போடுகிற எல்லா அட்டையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். அதுவரை, மணிக்கு ஒரு தடவை எழுந்து நாலு நடை, உட்கார்ந்த இடத்திலேயே குதிகாலை ஏற்றி இறக்குவது, வீட்டுக்குப் போனதும் சுவரில் காலைத் தூக்கி வைத்துக் கால் மணி நேரம் படுப்பது. தண்ணீர் குடிப்பதைக் குறைக்காதீர்கள். யூனிட்டில் கழிவறை சரியில்லை என்று நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கிற பெண்களை எனக்குத் தெரியும், அதனால் வீக்கம் குறைவதில்லை, மலச்சிக்கலும் சிறுநீர்க் கடுப்பும்தான் மிச்சம்.

நேருளிலிருந்து: மெக்னீசியம், கால்சியம், பி6, ஈவினிங் பிரிம்ரோஸ் எண்ணெய் என்று நான்கையும் சேர்த்து மாதவிலக்குக்கு முந்தைய உபாதைகளுக்கென்று ஒரு 'பி.எம்.எஸ். காம்போ' மாதம் 1,600 ரூபாய்க்குத் தருகிறார்கள். மேடம், எது தேவை, எது வீண்?

நான்கில் எனக்கு ஓரளவு நம்பிக்கை தருவது கால்சியம். அமெரிக்காவில் 466 பெண்களிடம் நடந்து 1998இல் வெளியான ஆய்வில் தினம் 1,200 மில்லிகிராம் கால்சியம் எடுத்தவர்களுக்கு மூன்றாவது சுழற்சியில் மொத்த உபாதை 48 சதவீதம் குறைந்தது, நீர் கோப்பதும் அதில் அடக்கம். அதே ஆய்வில் வெறும் மாவு மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் 30 சதவீதம் குறைந்தது. இந்த முப்பதை மறந்துவிடாதீர்கள். 'எனக்குப் பாதி சரியாகிவிட்டது' என்று ஒரு பெண் விளம்பரத்தில் சொல்கிறபோது, அவர் பொய் சொல்லாமலே அதில் பெரும்பங்கு எந்த மருந்தாலும் வராததாக இருக்கலாம்.

ஆனால் கால்சியம் வாங்குவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அட்டையில் பெரிய எழுத்தில் '1250 மி.கி.' என்று இருந்தால் அது கால்சியம் கார்பனேட்டின் எடை, அதில் உண்மையான கால்சியம் 40 சதவீதம், 500 மில்லிகிராம். சில கம்பெனி 500 என்று மட்டும் போட்டிருக்கும், அது கார்பனேட்டின் எடையா கால்சியத்தின் எடையா என்று சின்ன எழுத்தைப் படித்தால்தான் தெரியும், கார்பனேட் என்றால் 200தான் கிடைக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள். மெக்னீசியத்தில் இது இன்னும் மோசம், கிளைசினேட் 1,000 மில்லிகிராம் என்று டப்பாவில் இருந்தால் உள்ளே மெக்னீசியம் சுமார் 140தான். மத்திய அரசின் மலிவு விலை மருந்துக் கடையான ஜன் ஔஷதியில் கால்சியம் டி3 மாத்திரை மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது, காம்போ டப்பாவின் ரோஜா நிறத்துக்குத்தான் மீதிப் பணம். அதற்கும் முன்னால் தட்டைப் பாருங்கள். பெண்களுக்கு ஐ.சி.எம்.ஆர். சொல்வது ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராம். கேழ்வரகு 100 கிராமில் 350 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது, இரண்டு டம்ளர் பால் அல்லது தயிர் சேர்த்தால் முக்கால் கிணறு தாண்டியாயிற்று, மீதிக்குத்தான் மாத்திரை. இரும்பு மாத்திரை, தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கால்சியத்தைச் சில மணி நேரம் தள்ளிச் சாப்பிடுங்கள், சேர்த்துப் போட்டால் அவை உடம்பில் சேராது. சிறுநீரகக் கல் வந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

மெக்னீசியம் 200 மில்லிகிராம் நீர் வீக்கத்தைக் குறைத்தது என்று ஒரு சின்ன ஆய்வு உண்டு, அதுவும் இரண்டாவது மாதத்தில்தான். ஒரு மாதம் போட்டுவிட்டு முடிவு செய்ய முடியாது, ஆக்சைடு வகை என்றால் பேதியாகலாம். பி6 அதிக அளவில் மாதக்கணக்கில் சாப்பிட்டால் கை கால் நரம்பு மரத்துப்போகும், டப்பாவில் எவ்வளவு என்று பார்க்காமல் தொடாதீர்கள். பிரிம்ரோஸ் எண்ணெய்க்கு நான் காசு கொடுக்கமாட்டேன். காம்போவை விட்டுவிட்டு ஒரே ஒரு பொருள், மூன்று மாதம், காலண்டர் தாள். நான்கையும் ஒன்றாகப் போட்டால் எது வேலை செய்தது என்றே தெரியாமல் நான்குக்கும் ஆயுள் முழுக்கப் பணம் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

தானேயிலிருந்து: 'ஏழு நாளில் மாதவிடாய்க் கோளாறு சரியாகும், உப்புசம் போகும்' என்ற விளம்பரத்தைப் பார்த்து 1 ரூபாய்க்கு ட்ரையல் பேக் வாங்கினேன். இப்போது மாதாமாதம் யு.பி.ஐ.யில் 799 போகிறது. நிறுத்தச் சொன்னால் சாட் பாக்ஸ் மட்டும்தான் பதில் சொல்கிறது.

எனக்கும் இதே மாதிரி நடந்தது. ஒரு நிறுவனத்தின் மூலிகைச் சொட்டு மருந்தை ஒரே ஒரு தடவை வாங்கினேன், நான்கு மாதம் பணம் போனபிறகுதான் பாஸ்புக்கில் பார்த்தேன். சண்டை போட்டு இரண்டு மாதப் பணம்தான் திரும்பி வந்தது. அதில் கற்றதைச் சொல்கிறேன், வரிசை முக்கியம்.

இன்றைக்கே உங்கள் யு.பி.ஐ. ஆப்பில் ஆட்டோபே அல்லது மேண்டேட் என்கிற இடத்துக்குப் போய் அந்த நிறுவனத்தின் பெயருக்கு எதிரே ரத்து செய்யுங்கள். நிறுவனம் சம்மதிக்க வேண்டியதில்லை, அந்த அனுமதி நீங்கள் கொடுத்தது, எடுத்துக்கொள்வதும் உங்கள் உரிமை. பணம் எடுக்க 24 மணி நேரத்துக்கு முன்னால் உங்களுக்குத் தகவல் வந்திருக்க வேண்டும், அந்த எஸ்.எம்.எஸ். வந்ததா இல்லையா என்று தேடி எடுத்து வையுங்கள். விளம்பரத்தையும் ஆர்டர் பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், அவை எந்த நேரமும் காணாமல் போகும். நான் இதைச் செய்யாமல் விட்டதால்தான் மீதி இரண்டு மாதப் பணம் போனது.

அப்புறம் அவர்கள் வெப்சைட்டின் அடியில் குறைதீர் அதிகாரி என்று ஒருவர் பெயரும் ஈமெயிலும் இருந்தாக வேண்டும், 2020 மின்வணிக விதிகள்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்தது என்று சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். சாட் பாக்ஸில் கத்தாதீர்கள், அவருக்கு ஈமெயில் அனுப்புங்கள். பதில் இல்லை என்றால் 1915. தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம், மும்பையில் இருப்பதால் இந்தியிலோ மராத்தியிலோதான் பேச வேண்டும் என்றில்லை. ஒரு ரூபாயில் இழுத்துப் போட்டு வெளியேற விடாமல் செய்வதை 2023 நவம்பரில் வந்த மத்திய அரசு வழிகாட்டுதல் 'சந்தா வலை' என்றே பெயரிட்டுத் தடை செய்திருக்கிறது, 13 வகைத் தந்திரங்களில் அது ஒன்று. இந்த வார்த்தையைப் புகாரில் எழுதுங்கள். அதிலும் தீராவிட்டால் நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, ஆன்லைனில் ஈ-ஜாக்ரிதி வழியாகவே போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

அந்த விளம்பர வாசகம் தனி விவகாரம். மாதவிடாய்க் கோளாறைச் சரிசெய்யும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954ஆம் வருடச் சட்டமே தடுத்திருக்கிறது, மந்திர மருந்து விளம்பரங்களுக்கு எதிரான சட்டம் அது, ஆயுர்வேத மருந்துக்கும் பொருந்தும். 'இது மருந்தில்லை, உணவுச் சத்து' என்று தப்பிக்கப் பார்த்தால் டப்பாவைத் திருப்புங்கள், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண்ணும் 'மருத்துவ உபயோகத்துக்கு அல்ல' என்ற வரியும் இருக்கும். அந்த வரியைப் போட்டுவிட்டு நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதும் குற்றம்தான். டப்பாவின் அந்தப் பக்கத்தையும் விளம்பரத்தையும் ஒரே போட்டோவில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்புங்கள், மகாராஷ்டிராவில் உணவுக்கும் மருந்துக்கும் ஒரே துறைதான், பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் இருக்கிற எஃப்.டி.ஏ., அங்கேதான் அனுப்ப வேண்டும்.

வாஷியிலிருந்து ஒரு அம்மா: பெண்ணுக்கு 17 வயது. அந்த நாள் வந்தால் வயிறு உப்பிக்கொள்கிறது. நீர்க்கட்டி என்று சொல்லி அக்கம்பக்கத்தில் ஒரு கஷாயப் பொடி வாங்கச் சொல்கிறார்கள்.

நீர்க்கட்டி வேறு, நீர் கோப்பது வேறு. பெயர் ஒன்று போல இருப்பதால் கஷாயம் விற்கிறவர்களுக்கு வசதியாகிவிட்டது. சினைப்பை நீர்க்கட்டி என்பது தேதி தள்ளித் தள்ளி வருவது, முகத்தில் முடி, பரு என்று வேறு அடையாளங்களோடு வரும், டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டியது. தேதி ஒழுங்காக வந்து, இரண்டு மூன்று நாளில் உப்புசம் போய்விடுகிறது என்றால் பொடி வேண்டாம். பள்ளிக்கூடப் பையில் இருக்கிற சிப்ஸ் பாக்கெட்டை மட்டும் அந்த வாரம் குறையுங்கள்.

மாதுங்காவிலிருந்து: கல்யாணத்துக்குத் தைக்கக் கொடுத்த ஆறு ரவிக்கையும் லூசாக வந்திருக்கிறது. டெய்லர் அளவு நோட்டைக் காட்டி 'நீங்கள் அன்றைக்கு இருந்த அளவு இதுதான் அம்மா' என்கிறார். ஆல்ட்டர் செய்ய ஒன்றுக்கு 150 கேட்கிறார்.

அளவு கொடுத்த தேதியை உங்கள் காலண்டரோடு ஒத்துப் பாருங்கள். தேதிக்கு முந்தைய வாரமாக இருந்தால் டெய்லர் சொல்வது உண்மை, மார்பும் கையும் அந்த வாரத்தில் நிஜமாகவே பெருத்திருக்கும். அவர் மேல் புகார் சொல்ல நியாயமில்லை, ஆறு ரவிக்கை கொடுத்த வாடிக்கையாளர் என்பதால் நூறுக்குப் பேசிப் பாருங்கள். பிடிக்கும்போது வெட்டி எறியாமல் அக்குளிலும் பக்கத் தையலிலும் இரண்டு விரல் துணி உள்ளே விடச் சொல்லுங்கள், அடுத்த மாதம் அதே வாரத்தில் கல்யாணம் வந்தால் பிரித்துவிட்டுப் போட்டுக்கொள்ளலாம். இனிமேல் அளவு கொடுப்பது, ஜீன்ஸ் வாங்குவது, வளையல் அளவு எடுப்பது, ஜிம்மில் மெஷின் மேல் ஏற்றி 'உடம்பில் கொழுப்பு இவ்வளவு' என்று காட்டி ஒரு வருடப் பேக்கேஜ் விற்கப் பார்க்கிறார்களே, அதற்கு நிற்பது, எல்லாவற்றையும் மாதவிலக்காகிக் குளித்து ஆறேழு நாள் கழித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த மெஷின் உடம்பில் லேசான மின்சாரத்தை ஓடவிட்டுக் கணக்குப் போடுவது, தண்ணீர் கூடினால் குறைந்தால் எண்ணும் மாறும். நல்ல டெய்லர் என்றால் அளவு நோட்டில் தேதி எழுதிவைப்பார். எழுதவில்லை என்றால் ரசீதின் பின்னால் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.